மில்லுக்காரர் வீட்டு முன்னால் இருக்கும் போரிங்: 13 பைப்பையும் மேலே எடுத்துப் பார்த்த வேலை

கோவை மாவட்டத்தில் அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கடைசித் தெரு. முனையில் இந்தியா மார்க் 2 வகை அடிபம்பு நிற்கிறது. இந்தப் பக்கத்தில் அதைப் போரிங் என்றுதான் சொல்வார்கள். குழாயில் ஆற்றுத் தண்ணீர் வாராத நாட்களில் பாத்திரம், துணி, ஆடுமாடு எல்லாவற்றுக்கும் இந்தப் போரிங்தான் கதி. நான்கு மாதமாக அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குறைத்து, கடைசியில் ஒரு குடம் நிரம்ப எழுபது தடவை கைப்பிடியை அடிக்க வேண்டும் என்று ஆனது.

பம்பை ஒட்டியிருக்கும் ஓட்டு வீட்டில் தனியாக வசிப்பவர் பஞ்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் 'மில்லுக்காரர்'. வாசல் கேட் எப்போதும் சாத்தியே இருக்கும். விசேஷங்களுக்கு வர மாட்டார், திண்ணையில் உட்கார்ந்து பேச மாட்டார். பம்பு விஷயத்தில் அவர்மேல் தெருவுக்கு நெடுநாள் கோபம். ராத்திரியில் கைப்பிடியைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுகிறார், கைப்பிடியைத் தொட்டு விளையாடும் பிள்ளைகளை விரட்டுகிறார், கழிவு வாய்க்காலைத் தன் இடத்துக்குத் திருப்பி ஊர்த் தண்ணீரில் தன் வாழைக்குப் பாய்ச்சிக்கொள்கிறார் என்று சொல்வார்கள். ஆடி மாதம் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, திருப்பூரில் தங்கை மகள் வீட்டில் இருக்கிறார். பூட்டுப் போட ஆளில்லை. பம்பு கெட ஆரம்பித்ததும் அப்போதிருந்துதான்.

இந்தப் பதிவு பம்பைச் சரிசெய்கிறவர்களுக்காக எழுதியது. ஆனால் கழற்றக் கழற்ற உள்ளே மில்லுக்காரரின் கைவேலைதான் கிடைத்துக்கொண்டே இருந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதி வேலையை மறைத்ததாக ஆகிவிடும்.

முதலில், கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை. பலர் இதைச் செய்யாமல் நேராகப் பைப்பைத் தூக்கிவிடுகிறார்கள். மார்க் 2 பம்பில், பைப்புகளின் கீழ் முனையில் இருக்கும் சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 125 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் கைப்பிடியின் ஓர் அடிக்கு 0.4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. தண்ணீர் தொடர்ந்து வர ஆரம்பித்த பிறகு, முழு வீச்சில் நிமிடத்துக்கு 40 அடி வீதம் அடித்துப் பக்கெட்டில் பிடித்து அளக்க வேண்டும். 15 லிட்டரை ஒட்டி வந்தால் பம்பு நன்றாக இருக்கிறது. 10 லிட்டருக்குக் கீழே போனால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது பைப்பில் ஒழுக்கு இருக்கிறது. இந்தப் பம்பு கொடுத்தது 9 லிட்டர்.

அடுத்தது ஒழுக்குச் சோதனை. தண்ணீர் வரும்வரை அடித்து, கைப்பிடியை விட்டுவிட்டு அரை மணி நேரம் யாரையும் தொட விடக் கூடாது. பிறகு எண்ணிக்கொண்டே அடிக்க வேண்டும். ஐந்து அடிக்குள் தண்ணீர் எட்டிப் பார்த்தால் கவலையில்லை. இங்கே 14 அடி ஆனது. இரவு முழுக்க நிறுத்திவிட்டு விடியலில் எண்ணியபோது 47 அடி.

அந்த 47 வீணான எண் இல்லை. 32 மில்லிமீட்டர் பைப்பின் உள்விட்டம் சுமார் 36 மில்லிமீட்டர், நடுவில் பிஸ்டனை இழுக்கும் 12 மில்லிமீட்டர் ராடு போகிறது. மிச்ச இடத்தில் மீட்டருக்கு 0.9 லிட்டர் தண்ணீர் நிற்கும். பம்பு இப்போது அடிக்கு 0.225 லிட்டர்தான் தள்ளுகிறது. 47 அடி என்றால் பத்தரை லிட்டர், அதாவது பைப்பில் மேலிருந்து பதினொன்றே முக்கால் மீட்டர் காலியாகி இருக்கிறது. தண்ணீர் திரும்ப இறங்காமல் சிலிண்டரின் அடியில் தடுக்கும் ஃபுட்வால்வு ஒழுகினால் தண்ணீர் கிணற்றின் மட்டம் வரை இறங்கும். இந்தப் போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில், மட்டம் 20 மீட்டருக்குக் கீழே. ஆகவே ஒழுக்கு ஃபுட்வால்வில் இல்லை, பைப்பில்தான், அதுவும் நான்காவது பைப்பின் அடிப்பக்கம். ஒவ்வொரு பைப்பும் 3 மீட்டர் என்பதால் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடிகிறது. நூல் பிடித்த கணக்கு இல்லை, தோராயம்தான், ஆனாலும் புதுப் பைப்பு ஒன்றைக் கையோடு வாங்கி வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பிக்க இது போதும்.

தலைப்பகுதியின் முன் மூடியைக் கழற்றியதும் முதல் ஆச்சரியம். மூடியின் உள்பக்கம் மஞ்சள் பெயிண்டில், மெல்லிய தூரிகையால் எழுதிய வரிசைகள். மாசி 3, பங்குனி 4, சித்திரை 4, வைகாசி 3. இப்படியே தகரம் முழுக்க, இடம் போதாமல் பக்கவாட்டிலும். கடைசி வரி ஆனி 3. பக்கத்தில் வேறு எழுத்து எதுவும் கிடையாது. அரை மணி நேர ஒழுக்குச் சோதனையில் எத்தனையாவது அடியில் தண்ணீர் வருகிறது என்பதுதான் அந்த எண். மாதம் தவறாமல் அதைச் செய்து பார்த்து எழுதி வைத்திருக்கிறார். வரிகளை எண்ணினால் பதினொரு வருடத்துக்கு வருகிறது. அந்த மூடியைக் கழற்றாமல் யாரும் அதைப் பார்த்திருக்க முடியாது.

செயினில் கிரீஸ் காய்ந்து, துரு பிடிக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் அது நான்கு மாதத் துரு, மேல்தோல் மட்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மண்ணெண்ணெயில் ஊற வைத்ததும் கண்ணி ஒவ்வொன்றும் தாராளமாக மடங்கியது. கண்ணி மடங்காமல் விறைத்து நின்றால் அந்தச் செயினை மாற்றிவிட வேண்டும், எண்ணெய் விட்டுப் பிழைக்க வைக்கக் கூடாது. விறைத்த கண்ணியில்தான் அது அறும். அறுந்தால் கைப்பிடி சட்டென்று கீழே விழும், அடிப்பவர் நிலை தடுமாறுவார்.

கைப்பிடி கீழே வந்து மோதும் இடத்தில் டயர் ரப்பர் துண்டு ஒன்றை இரண்டு போல்ட்டில் பொருத்தியிருந்தார். கம்பெனிப் பொருத்தம் இல்லை, அவர் வெட்டி வைத்தது. அந்த ரப்பர் இப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. பிள்ளைகள் கைப்பிடியில் தொங்கி ஆடும்போது என்ன ஆகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மார்க் 2 பம்பில் கைப்பிடிக்கும் ராடுக்கும் நடுவில் இருப்பது செயின். செயினால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. பிஸ்டன் கீழே இறங்குவது ராடுகளின் சொந்த எடையில். கைப்பிடியைச் சட்டென்று மேலே விட்டால் ராடு இறங்குவதற்குள் செயின் தளர்ந்துவிடும். அடுத்த நொடி கீழே அழுத்தினால் தளர்ந்த செயின் வெடுக்கென்று இழுபடும். அந்த உதறல் ஒவ்வொன்றும் ராடுகளின் மரையில் போய் விழும். ராடு முறிவது எப்போதும் மரை தொடங்கும் இடத்தில்தான். கூடவே, முழு வீச்சு இல்லாமல் குட்டிக் குட்டியாக அடித்தால் சிலிண்டரின் பித்தளை ஒரே பட்டையில் தேயும். பிள்ளைகளை அவர் விரட்டியதற்குக் காரணம் போருக்குள்ளே, யாரும் பார்க்காத ஆழத்தில் இருக்கிறது. விரட்டியதோடு நிற்காமல் ரப்பரும் வைத்திருக்கிறார்.

இனித் தலையைக் கழற்றும் முறை. மூடிக்குள் கையை விட்டுச் செயினைக் கைப்பிடியோடு பிடித்திருக்கும் போல்ட்டை எடுக்க வேண்டும். அதற்கு முன் ராடை ஏந்திப் பிடிக்கும் தாங்கியைச் செயின் இணைப்புக்கு அடியில் செருக மறக்கக் கூடாது. மறந்தால் 13 ராடும் ஒன்றாகச் சிலிண்டரில் விழுந்து ஃபுட்வால்வை நசுக்கும். பிறகு கைப்பிடி அச்சின் நட்டுகளைக் கழற்றி, அச்சை அதற்கான பஞ்ச் கருவியை வைத்துத் தட்டி எடுக்க வேண்டும். வெறும் சுத்தியலால் அச்சின் முனையில் அடித்தால் மரை விரிந்து அச்சே வீணாகிவிடும். கைப்பிடிக்குள் இரண்டு பேரிங், 6204 இசட் அளவு. இரண்டையும் விரலில் சுற்றிப் பார்த்தால் சத்தமில்லை, ஆட்டமில்லை. மாற்றி அதிக நாள் ஆகவில்லை என்று தெரிந்தது. அப்படியே விட்டோம். அடுத்து தலையின் நான்கு போல்ட், ராடுக்குப் பிடிப்பான், செயினை ராடிலிருந்து பிரிப்பது, தொட்டியைத் திருகி எடுப்பது.

தூக்குவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. இந்த வகைப் பைப்பு மீட்டருக்கு 3 கிலோவுக்குச் சற்று அதிகம். ராடு மீட்டருக்கு 0.9 கிலோ. ஒழுக்குக்குக் கீழே பைப்பில் நிற்கும் தண்ணீர் மீட்டருக்கு 0.9 கிலோ. சிலிண்டரையும் பைப்புகளை இணைக்கும் சாக்கெட்டுகளையும் சேர்த்தால் 190 கிலோ. தூக்கும் ஸ்பேனர்களில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர், பைப்பைக் கவ்வி நிறுத்தும் கிளாம்ப் பிடிக்க ஒருவர், மொத்தம் ஐந்து பேர். கிளாம்ப் பிடிப்பவர்தான் முக்கியம். அவர் வாய் திறந்து 'பிடிச்சாச்சு' என்று சொல்லாமல் மற்ற நான்கு பேரும் கையை விடக் கூடாது. சாக்கெட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவே விரல் போனால் விரல் போனதுதான். பைப்பு இல்லாத நேரமெல்லாம் போரின் வாயைச் சாக்குத் துணியால் மூடி வைக்க வேண்டும். ஒரு ஸ்பேனர் உள்ளே விழுந்தால் போரே முடிந்தது.

முதல் மூன்று பைப்பும் காலி. நான்காவதைத் தூக்கும்போது அதன் கீழ் மரையில், சாக்கெட்டுக்கு ஒட்டிய இடத்தில் துரு அரித்த ஓட்டை, ஈர்க்குச்சி நுழையும் அளவு. மரை வெட்டும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது, இரும்பும் மெலிந்துவிடுகிறது. ஜி.ஐ. பைப்பு அரிப்பது பெரும்பாலும் அங்கேதான். ஐந்தாவதைக் கழற்றும்போது தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கணக்குச் சரியாகத்தான் வந்திருக்கிறது.

பம்பின் மேடையில் பஞ்சாயத்துக்காரர்கள் சிமெண்டில் கீறி வைத்திருந்தது 12 பைப்பு. பன்னிரண்டாவது வெளியே வந்த பிறகும் சிலிண்டர் வரவில்லை. கீழே இன்னொன்று இருந்தது. பதின்மூன்றாவது பைப்பு மற்றவற்றைவிடப் புதிது, அதன் ராடும் புதிது.

உதவிக்கு வந்திருந்தவர் இந்தச் சுற்று வட்டாரத்துப் பம்புகளை எல்லாம் பார்த்த பழைய மெக்கானிக். அவரிடம் கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அது மில்லுக்காரரு போடச் சொன்னதுங்க. ஒரு கோடையில தண்ணி ரொம்ப எறங்கிப்போச்சு. பைப்பு, ராடு, எங்க கூலி எல்லாம் அவருதான் குடுத்தாரு. யாராச்சும் கேட்டா பஞ்சாயத்துல இருந்து அனுப்புனாங்கன்னு சொல்லிப்போடுங்கம்பாரு," என்றார். வாஷர் மாற்ற வந்தது, பேரிங் மாற்ற வந்தது, செயின் மாற்ற வந்தது எல்லாமே அப்படித்தானாம். தெருவில் எல்லோருக்கும் அந்த நாட்கள் நினைவிருக்கிறது. 'பஞ்சாயத்து ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க' என்றுதான் நினைவிருக்கிறது.

சிலிண்டரைத் திறப்பதற்கு ஒரு பைப் ரெஞ்ச் மூடியில், இன்னொன்று உடலில். உடலின் நடுவில் ரெஞ்ச் போட்டு இறுக்கினால் உள்ளே இருக்கும் பித்தளைக் குழல் நசுங்கும். ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பிஸ்டனை எடுத்தபோது அதன் பித்தளையில் நான்கு பஞ்ச் புள்ளிகள் வரிசையாக இருந்தன. ஆலைகளில் ஃபிட்டர்கள் பாகம் மாற்றியதை அடையாளம் வைக்கும் பழக்கம் அது. ஒரு தடவை வாஷர் மாற்றினால் ஒரு புள்ளி. நான்கு தடவை.

வாஷர் இரண்டும் தோல் இல்லை, நைட்ரைல் ரப்பர். இதில் இந்தப் பகுதிக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாக வைத்து யுனிசெஃப்பும் மத்திய அரசும் சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையும் சேர்ந்து மார்க் 2 பம்பை உருவாக்கியபோது, 1970களின் நடுவில் மாதிரிப் பம்புகளைக் கோவைப் பக்கத்து ஆழமான போர்களில்தான் வைத்துச் சோதித்தார்கள். 1980களில் இங்கேயே நடந்த இன்னொரு நீண்ட சோதனையில்தான் தோலைவிட நைட்ரைல் வாஷர் பித்தளைக் குழலில் பல மடங்கு நாள் உழைக்கிறது என்று தெரிந்தது. பைப்பைத் தூக்காமலே பிஸ்டனை எடுக்கும் மார்க் 3 பம்பும் அந்தச் சோதனையின் பிள்ளைதான். இன்றும் சில கடைகளில் விலை குறைவு என்று தோல் வாஷரையே கொடுக்கிறார்கள். வேறு வழியில்லாமல் தோல் போடுவதானால் இரவு முழுக்கத் தேங்காய் எண்ணெயில் ஊற வைத்துப் போட வேண்டும். காய்ந்த தோலைப் போட்டால் முதல் நாளே ஓரம் கிழியும். எஞ்சின் எண்ணெய் தொடவே கூடாது, மனிதர் குடிக்கும் தண்ணீர்.

நைட்ரைலாக இருந்தும் வாஷரின் உதடு இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து, ரப்பரில் மணல் பதிந்திருந்தது. பித்தளைக் குழலில் நீளவாட்டில் மெல்லிய கீறல்கள். நகத்தை ஓட்டினால் தட்டுப்படவில்லை, அதனால் குழலை மாற்றவில்லை. நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தால் புது வாஷர் போட்டும் பயனில்லை. ஃபுட்வால்வு சுத்தமாக இருந்தது. ஆனாலும் அதன் ரப்பர் இருக்கையையும் அடைப்பு வளையங்களையும் மாற்றினோம். 190 கிலோவை இன்னொரு தடவை தூக்குவதைவிட இது சுலபம்.

மணல் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை தேடியபோதுதான் ராத்திரிப் பூட்டின் காரணம் புரிந்தது. பைப்பை வெளியே எடுப்பதற்கு முன்பே நீர்மட்டத்தை அளந்து வைத்திருந்தோம். பருத்திக் கயிற்றில் கனமான நட் ஒன்றைக் கட்டி இறக்கி, நனைந்த இடத்திலிருந்து அளப்பதுதான் முறை. பைப்பை எடுப்பதற்கு முந்தின சாயங்காலம், தெரு முழுக்கத் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு, மூடியின் இடுக்கு வழியே பார்த்தது 33 மீட்டர். பிறகு கை படாமல் விட்டுக் காலை நான்கரைக்குப் பார்த்தால் 22 மீட்டர். இரவில் 11 மீட்டர் ஏறுகிறது. ஆறு அங்குலப் போரில் பைப்பு அடைக்கும் இடம் போக மீட்டருக்கு 16 லிட்டர். ஆக 175 லிட்டர், பன்னிரண்டு குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. விடியலில் முதலில் வருகிற பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் காத்திருக்காமல் ஒரு குடம் கொண்டுபோவதற்கு உண்டான தண்ணீர் அது. ராத்திரியில் யாராவது டிரம் நிரப்பினால் அந்தப் பன்னிரண்டு குடம் போகும். அதற்கு மேலும் அடித்தால் மட்டம் சிலிண்டர் வரைக்கும் இறங்கி, காற்றும் அடிமணலும் ஏறும். மணல்தான் வாஷரைத் தின்றது. நான்கு மாதம் பூட்டில்லாமல் கிடந்ததில் நடந்தது இதுவே. பூட்டு இருந்த பதினொரு வருடமும் மூடிக்குள் இருக்கும் எண் ஐந்தைத் தாண்டியதில்லை.

அவரும் இந்தத் தண்ணீரையே நம்பியிருப்பவர்தான். அந்த வீட்டுக்குத் தனிப் போர் கிடையாது. பூட்டின் சாவி அவரிடம் இருந்தும் ராத்திரியில் அவர் அடித்ததாக எதிர் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

திரும்ப இறக்கும் வேலையில் ஒரு தவறு நடந்தது, அதைச் சொல்ல வேண்டும். பைப்பு வாங்கும்போது நீலப்பட்டை போட்ட மீடியம் வகைதான் வாங்க வேண்டும். மஞ்சள் பட்டை மெலிது, இவ்வளவு எடையைத் தாங்கி மரையில் நிற்காது. கடையில் கிடைப்பது 6 மீட்டர் நீளம், அதை இரண்டாக வெட்டி மரை போட்டுக் கொடுப்பார்கள். மரை போட்ட பிறகு நீளத்தை அளந்து பார்க்காமல் இறக்கிவிட்டோம். மரைக்குச் சணல் நூலும் ஜாயின்டிங் காம்பவுண்டும் போதும், ஈயம் கலந்த பெயிண்ட் குடிநீர்ப் பைப்பில் கூடாது. ராடு ஒவ்வொன்றையும் சமதளத்தில் உருட்டிப் பார்த்து, நெளிந்த ஒன்றை ஒதுக்கிப் புதிது போட்டு, மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, இரண்டு ஸ்பேனர் வைத்து இறுக்கினோம். எல்லாம் பொருத்திக் கைப்பிடியை மேலே தூக்கினால் கடைசியில் 'டக்' என்று ஓர் அடி. பிஸ்டன் கீழே போய் ஃபுட்வால்வில் முட்டுகிறது.

காரணம், புதுப் பைப்பு 2.98 மீட்டர்தான். பைப்பு 2 சென்டிமீட்டர் குறைந்தால் சிலிண்டர் அவ்வளவு மேலே வந்துவிடும். ராடு பழைய நீளம் என்பதால் பிஸ்டன் சிலிண்டருக்குள் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும். அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் ஃபுட்வால்வு உடையும். பைப்பைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. மேல் ராடின் முனையில் 2 சென்டிமீட்டர் வெட்டி, அந்த அளவுக்கு மரையைக் கீழே நீட்டினால் போதும். அதற்கு மரை வெட்டும் எம்12 டை வேண்டும். கையில் இல்லை. அன்னூரிலும் அன்றைக்குக் கடை அடைப்பு.

மெக்கானிக்தான் மில்லுக்காரருக்கு போன் போட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "எத்தனை அடிக்கு வருது?" என்பதுதான். இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்றதும், டை எங்கே இருக்கிறது, சாவி எந்த ஓட்டுக்கு அடியில் இருக்கிறது என்று சொன்னார். மரை வெட்டுகிறவர் யார் என்று கேட்டு, அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, ராடைச் சுற்றித் துணி கட்டச் சொன்னார், இல்லையென்றால் இரும்புத் துகள் பைப்புக்குள் போய் வாஷரில் உட்கார்ந்துவிடும். ஒரு சுற்று போனால் அரைச் சுற்றுப் பின்னால் வரச் சொன்னார், துகள் உடைவதற்காக. தேங்காய் எண்ணெய் விட்டு வெட்டச் சொன்னார். வெட்டிய முனையை அரத்தால் சாய்த்துவிட்டு டையை ஏற்ற வேண்டும், அதைச் சொல்லவில்லை, தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்.

டை இருந்த கொட்டகையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று, மேலே 'போரிங்' என்று எழுதி ஒட்டியது. உள்ளே நைட்ரைல் வாஷர் ஒரு ஜோடி, 6204 பேரிங் இரண்டு, செயின் ஒன்று, நைலாக் நட்டுகள், ஃபுட்வால்வு ரப்பர், கிராஃபைட் கிரீஸ் டப்பா. அடுத்த கோளாறு எதுவாக இருந்தாலும் அதற்கான சாமான் அந்த டின்னில் இருந்தது. புதுசாகக் கடையில் வாங்கியவற்றில் மிஞ்சியதை நாங்கள் அதே டின்னில் வைத்துவிட்டோம்.

பொருத்தி முடித்ததும் கிருமி நீக்கம். 15 லிட்டர் தண்ணீரில் 300 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரைப் போருக்குள் ஊற்றி, இரவு முழுக்க விட்டு, காலையில் வாசனை போகும்வரை அடித்து வெளியேற்ற வேண்டும். டப்பாவைத் திறந்து நாள் ஆன பவுடருக்கு வீரியம் இருக்காது, புதிதாக வாங்க வேண்டும். அந்தத் தண்ணீரை ஆடுமாடு குடிக்காமல் ஒருவர் நின்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அந்தக் காலையில் வெளியேற்றிய தண்ணீர் ஓடிய வழியைப் பார்த்தபோதுதான் வாய்க்காலின் கதை தெரிந்தது. மேடையைச் சுற்றி மண்ணைச் சுரண்டினால் பழைய வாய்க்கால் தென்பட்டது. அது போரிலிருந்து நாலடி தள்ளித் தெருவிலேயே முடிந்திருக்கிறது. முன்பெல்லாம் கழிவுநீர் அங்கேதான் தேங்கி நின்றிருக்கும். மேடையில் ஒரு வெடிப்பு விட்டால் அந்தச் சேறு போரின் வெளிக்குழாயான கேசிங்கின் வெளிப்பக்கம் வழியாக நேராகப் போருக்குள் இறங்கும். அவர் அதைச் சிமெண்டால் அடைத்து, புது வாய்க்காலைத் தன் வேலிக்குள் கொண்டுபோயிருக்கிறார். அங்கே ஒரு மீட்டர் நீள அகல ஆழத்தில் உறிஞ்சு குழி, உள்ளே உடைகல். குழியைச் சுற்றித்தான் அந்த வாழையும் கல்வாழையும் சேம்பும். தேங்கும் நீரைக் குடிக்கிற செடிகள் அவை. தெருவின் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் மாடு மிதித்த சேற்றையும் தன் கொல்லைக்கு வாங்கிக்கொண்டிருக்கிறார். வாய்க்கால் வேலியைத் தாண்டும் இடத்தில் ஒரு சிறு கல்தொட்டி, தெருப்பக்கமாக. அதில் நிற்கும் தண்ணீரைத் தெரு நாய்களும் ஆடுகளும் குடிக்கின்றன. தொட்டி நிரம்பிய பிறகுதான் குழிக்குப் போகிறது.

குழியின் மேல் அடுக்குக் கல்லில் சோப்பு அழுக்கு அடைத்திருந்தது. வருடத்துக்கு ஒருமுறை மேலே ஓர் அடி உயரத்துக் கல்லை எடுத்துக் கழுவி வெயிலில் காய வைத்துத் திரும்பப் போட வேண்டும். இந்த ஆவணியில் அது நடக்கவில்லை. அதையும் செய்து முடித்தோம். வாழை இரண்டு தார் தள்ளியிருந்தது, தொடவில்லை.

கடைசிச் சோதனை: 40 அடிக்கு 15 லிட்டர். அரை மணி நேரம் விட்டு அடித்தால் மூன்றாவது அடியில் தண்ணீர். டயர் ரப்பர் புதுசு போட்டாகிவிட்டது. செயினுக்குக் கிரீஸ் மாதம் ஒருமுறை, மெல்லியதாக. அப்பிவைத்தால் தூசி ஒட்டி அரம் மாதிரி கண்ணியைத் தேய்க்கும். மாதம் ஒருமுறை தலையிலும் மேடையிலும் உள்ள போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். பூட்டின் சாவி எதிர் வீட்டு அக்காவிடம் இருக்கிறது, ராத்திரி ஒன்பதரைக்குப் பூட்டி நான்கரைக்குத் திறக்கிறார்.

மூன்றாவது அடியில் வருகிறது என்று திருப்பூருக்கு போனில் சொன்னபோது மில்லுக்காரர் "சரிங்க" என்றார். பிறகு, "பங்குனி பொறந்துட்டா ஒன்பதரை ஆகாதுங்க. எட்டரைக்கே பூட்டச் சொல்லுங்க அக்காகிட்ட. திட்டுவாங்க, பரவால்ல," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.